பைதானுக்கும் ரஸ்ட்டுக்கும் நடுவே பைட்டுகளைக் கைமாற்றுவது எப்படி: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீடு. முகப்பு தொடங்கி இரண்டாங்கட்டு வரை பன்னிரண்டு இடங்களில் வெப்பமும் ஈரப்பதமும் பதியும் சிறு கருவிகளை நானும் ஒரு நண்பரும் சேர்ந்து மாட்டினோம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சுண்ணாம்புச் சுவரில் பூசணம் ஏறுகிறது, தேக்குக் கதவு உப்பிக்கொண்டு சாத்த வரமாட்டேன் என்கிறது. எந்த இடத்தில் எப்போது ஈரம் கூடுகிறது என்று தெரிந்தால் எந்தச் சன்னலை எந்த மாதம் திறந்து வைப்பது என்று முடிவெடுக்கலாம். வீட்டு ஆச்சி கேட்டது ஒரே ஒரு தாள்தான். "மாசா மாசம் எந்தக் கட்டுல எவ்வளவு ஈரம்னு எழுதிக் கொடுத்துருங்க தம்பி, அது போதும்."

அந்தத் தாளுக்குப் பின்னால் இருந்தது ஓராண்டுக் கணக்கு. பத்து விநாடிக்கு ஒரு பதிவு, பன்னிரண்டு கருவிகள்: நாளைக்கு 1,03,680 பதிவுகள், ஆண்டுக்கு 3,78,43,200. பதிவுக்கு 36 பைட் என்றால் சுமார் 1.36 ஜிபி. பைதானில் எழுதிப் பார்த்தேன், ஒவ்வொரு முறையும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. படிக்கும் பகுதியை மட்டும் ரஸ்ட் மொழியில் எழுதி, பைதானிலிருந்து அழைக்கலாம் என்று இறங்கினேன். மூன்று வாரம் போயிற்று. ரஸ்ட்டைக் கற்க அதில் நாலைந்து நாள்தான் ஆனது. மிச்சமெல்லாம் இரண்டு மொழிக்கும் நடுவில் உள்ள வாசலில் கழிந்தது. ஒரு பைட் அந்த வாசலைத் தாண்டும்போது அது யாருக்குச் சொந்தம், நகல் எடுக்கப்படுகிறதா, இரவலாகப் போகிறதா என்ற கேள்வியை நான் கேட்காமல் விட்ட இடங்களில்தான் எல்லாச் சிக்கலும் வந்தது. நீங்கள் ஒரு வாரத்தில் முடிக்கலாம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

கட்டளைகளையும் ஃபங்ஷன் பெயர்களையும் ஒலிபெயர்த்து எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

1. ரஸ்ட் தேவையா என்று முதலில் பாருங்கள்

உங்கள் கோப்பில் எல்லாப் பதிவும் ஒரே அளவாக, ஒன்றன்பின் ஒன்றாக, பழுதில்லாமல் இருந்தால் ரஸ்ட் வேண்டாம். நம்பை என்ற, எண் அட்டவணைகளுக்கான பைதான் நூலகத்தில் 'ஃப்ரம்பஃபர்' என்ற ஃபங்ஷனுக்குப் பதிவின் வடிவத்தைச் சொல்லிவிட்டால், நகலே எடுக்காமல் முழுக் கோப்பையும் அட்டவணையாகக் காட்டிவிடும். நம்பை வேண்டாம் என்றால் பைதானோடு வரும் 'ஸ்டிரக்ட்' நூலகத்தின் 'இட்டர்_அன்பேக்' சிறு கோப்புகளுக்குப் போதும்.

எங்கள் நிலைமை வேறு. கரண்ட் போகும்போது கருவி பதிவை எழுதிக்கொண்டிருந்தால் பாதியிலேயே அது நின்றுவிடும். கரண்ட் வந்ததும் அடுத்த பதிவு அந்தப் பாதிக்குப் பக்கத்திலேயே தொடங்கும். அதற்குப் பிறகு 36, 36 ஆக எண்ணிக்கொண்டு போனால் எல்லாமே பிசகும். ஒவ்வொரு பைட்டாக நகர்ந்து, தொடக்க அடையாளத்தைத் தேடி, சரிபார்ப்புத் தொகையை (பதிவு கெட்டதா என்று காட்ட அதன் பைட்டுகளிலிருந்தே வரும் எண்) கணக்கிட்டு, உண்மைப் பதிவா என்று பார்க்க வேண்டும். இந்த மாதிரி வேலையில்தான் பைதான் திணறும், ரஸ்ட் ஓடும். உங்கள் வேலை இப்படி இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்வது லாபம்.

2. தொடங்குமுன் கையில் வைத்திருக்க வேண்டியவை

நான்கு விஷயங்களைச் சேர்க்காமல் ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

ஒன்று, பதிவின் வடிவத்தைச் சொல்லும் தாள்: எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எந்த விவரம், எத்தனை பைட், குறி உள்ள எண்ணா இல்லாததா, எந்த வரிசை. கருவியின் நிரலை எழுதியவர் வாயால் சொன்னால் போதாது, எழுதி வாங்குங்கள். இரண்டு, பெரிய கோப்பிலிருந்து வெட்டிய சில கிலோபைட் மாதிரி. மூன்று, விடை தெரிந்த ஒரு பதிவு: வளவில் (உள்முற்றத்தில்) வெப்பமானியை வைத்து 31.50 டிகிரி என்று கண்ணால் பார்த்து நேரத்தோடு குறித்துக்கொண்டேன். பின்னால் அந்த ஒரு வரிதான் எனக்கு வழிகாட்டியது. நான்கு, பதிப்பு எண்கள்: பைதான், ரஸ்ட், இரண்டையும் இணைக்கும் பைஓ3 நூலகம், கட்டித் தரும் மேச்சுரின் கருவி. பைஓ3 பதிப்புக்குப் பதிப்பு மாறுகிறது. இணையத்தில் கிடைக்கும் எடுத்துக்காட்டு எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்று பார்க்காமல் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை 8ஆம் படியில் சொல்கிறேன். பைஓ3யின் அதிகாரபூர்வ வழிகாட்டியில் பதிப்பு மாறுவோருக்கான அத்தியாயம் ஒன்று உண்டு. முதலில் அதைப் படியுங்கள்.

3. நிறுவுதல்

மென்பொருளுக்குக் காசு இல்லை. செலவெல்லாம் டேட்டாவும் வட்டு இடமும்தான். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் சி++ கட்டுமானக் கருவிகளையும் சேர்த்து இறக்க வேண்டும். அது மட்டுமே பல ஜிபி. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் தொடங்கினால் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும், வைஃபை உள்ள இடத்தில் செய்யுங்கள். லினக்ஸில் சி கம்பைலர் இருந்தால் போதும். அரை நாள் ஒதுக்குங்கள்.

'ரஸ்ட்அப்' மூலம் ரஸ்ட், பைதானில் தனிச் சூழல், அதற்குள் பிப் மூலம் மேச்சுரின். 'மேச்சுரின் நியூ' என்று தட்டி பைஓ3யைத் தேர்ந்தெடுத்தால் வெற்றுத் திட்டம் தயார். 'மேச்சுரின் டெவலப்' கம்பைல் செய்து சூழலுக்குள் வைத்துவிடும். தனிச் சூழல் எதுவும் அதற்கு அகப்படாவிட்டால் இந்தக் கட்டளை மறுத்துவிடும். முதல் கம்பைலுக்கு நேரம் எடுக்கும், அடுத்தடுத்தவை சீக்கிரம் முடியும்.

இங்கே இரண்டு பொறிகள். ரஸ்ட் பக்கம் மாட்யூலுக்கு நீங்கள் வைத்த பெயரும் ரஸ்ட்டின் கட்டும் கருவியான கார்கோவின் அமைப்புக் கோப்பில் நூலகத்துக்கு வைத்த பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். ஓரெழுத்து மாறினாலும் கம்பைல் ஆகிவிடும், ஆனால் பைதான் 'இம்போர்ட்' செய்யும்போது தொடக்க ஃபங்ஷனைக் காணோம் என்று நிற்கும். இரண்டாவது, 'டெவலப்' தானாகச் செய்வது பிழை தேடுவதற்கான மெதுவான கட்டு (பில்ட்). வேகத்தை அளக்குமுன் கடைசியில் '--ரிலீஸ்' சேர்த்துக் கட்டுங்கள். அதைச் சேர்க்காமல் அளந்து, 'ரஸ்ட் இவ்வளவுதானா' என்று ஒரு முழுச் சாயங்காலம் நான் சோர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

4. பதிவின் உண்மையான அளவைக் கண்டுபிடியுங்கள்

நண்பர் எழுதித் தந்த தாள்படி எங்கள் பதிவு இப்படி: தொடக்க அடையாளம் 1 பைட் (எப்போதும் 165), நேரம் 4, வெப்பம் 2, ஈரப்பதம் 2, இடத்தின் பெயர் 20, சரிபார்ப்புத் தொகை 4. கூட்டினால் 33. கோப்பிலோ அடையாளம் 36 பைட்டுக்கு ஒரு முறை வந்துகொண்டிருந்தது.

அந்த 3 பைட்டைச் சேர்த்தது சி கம்பைலர். 4 பைட் எண் 4ஆல் வகுபடும் இடத்தில் தொடங்க வேண்டும் என்பதற்காக, ஒரு பைட் அடையாளத்துக்குப் பின்னால் மூன்று வெற்று பைட்டுகளை அது செருகிவிடுகிறது. அவற்றில் என்ன மதிப்பு இருக்கும் என்று உறுதி கிடையாது, பூஜ்யம் என்று நம்பாதீர்கள். இதைப் பைதானிலேயே சோதிக்கலாம். 'ஸ்டிரக்ட்' நூலகத்தின் 'கால்க்சைஸ்' ஃபங்ஷனுக்கு இதே வடிவத்தை முன்னால் '<' குறி போட்டுக் கொடுத்தால் 33 என்று சொல்லும். '@' போட்டால், அல்லது குறியே போடாவிட்டால், 36 என்று சொல்லும். இரண்டில் எது உங்கள் கோப்புக்குப் பொருந்துகிறது என்று பாருங்கள்.

அடுத்தது பைட் வரிசை. குறித்து வைத்திருந்தேனே 31.50 டிகிரி, அதைக் கருவி நூறால் பெருக்கி 3150 என்று எழுதுகிறது. கோப்பில் அந்த இடத்தில் 78, 12 என்று இரண்டு பைட்டுகள் இருந்தன. சிறியதை முதலில் வைத்துப் படித்தால் 12 × 256 + 78 = 3150. சரி. பெரியதை முதலில் வைத்துப் படித்தால் 78 × 256 + 12 = 19,980, அதாவது 199.80 டிகிரி. எந்தப் பிழைச் செய்தியும் வராது, எண் மட்டும் தப்பாக இருக்கும். ரஸ்ட்டில் 'ஃப்ரம்_எல்இ_பைட்ஸ்' என்பது சிறியது முதல், 'ஃப்ரம்_பிஇ_பைட்ஸ்' என்பது பெரியது முதல். கணினியின் சொந்த வரிசை எதுவோ அதில் படிக்கும் மூன்றாவது வடிவத்தைக் கோப்புகளுக்குப் பயன்படுத்தாதீர்கள்.

ரஸ்ட்டில் ஒரு ஸ்டிரக்ட் எழுதி, பைட்டுகளின் மேல் அப்படியே பொருத்திப் படிக்கலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. பாதிப் பதிவுகளுக்குப் பிறகு தொடங்கும் பதிவுகள் ஒற்றைப்படை இடத்திலும் தொடங்கலாம். 4ஆல் வகுபடாத முகவரியில் 4 பைட் எண்ணுக்கு நேரடிக் குறிப்பு வைப்பது ரஸ்ட்டில் விதிமீறல், விளைவு எதுவாகவும் இருக்கலாம். நாலு பைட்டை எடுத்து எண்ணாக மாற்றும் நேர்வழியிலேயே போங்கள். கம்பைலர் அதைத் திறமையாகவே செய்கிறது.

5. உள்ளே வரும் பைட்டுகள்

பைதான் பக்கத்தில் பைட்டுகள் நான்கு உருவில் வரும். ஒவ்வொன்றுக்கும் வாசலில் நடப்பது வேறு.

'பைட்ஸ்' மாறாதது. ரஸ்ட் ஃபங்ஷன் '&[யு8]' என்று (பைட்டுகளின் தொடரை இரவல் கேட்கும் ரஸ்ட் குறி) கேட்டால் நகல் இல்லாமல் இரவலாகக் கிடைக்கும். கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய நகை போல: போட்டுக்கொள்ளலாம், அழித்துச் செய்ய முடியாது, அழைப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திருப்பிக் கொடுக்காமல் எங்காவது சேமித்து வைக்க முயன்றால் ரஸ்ட் கம்பைல் ஆகாது. புதியவர்களுக்கு இதுவே பாதுகாப்பான வழி, இதில் தொடங்குங்கள்.

அதே இடத்தில் 'வெக்<யு8>' என்று கேட்டால் சொந்தமாக ஒரு நகல் கேட்கிறீர்கள். பழைய பைஓ3 பதிப்புகள் இந்த நகலை ஒவ்வொரு பைட்டையும் ஒரு பைதான் எண்ணாக எடுத்து மாற்றிச் செய்தன. எங்கள் கருவி ஒன்றின் ஓராண்டுக் கோப்பு 113 எம்பி, அதற்கு அது பதினொரு கோடிக்கு மேற்பட்ட மாற்றங்கள்.

'பைட்அர்ரே' மாறக்கூடியது. நீங்கள் ரஸ்ட்டில் படித்துக்கொண்டிருக்கும்போதே பைதான் பக்கம் யாராவது அதை மாற்றவோ நீட்டவோ முடியும். அதனால்தான் பைஓ3யில் அதை நேரடியாகப் பார்க்கும் ஃபங்ஷன் 'அன்சேஃப்' (பாதுகாப்புக்கு நீங்களே பொறுப்பு) என்று குறிக்கப்பட்டிருக்கிறது. கட்டாயம் இல்லாவிட்டால் தொடாதீர்கள். 'டு_வெக்' கொடுத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வது மேல்.

'மெமரிவியூ' என்பது இன்னொரு பொருளின் பைட்டுகளைப் பார்க்கும் சன்னல். 'பைட்ஸ்'ஐத் துண்டு போட்டால் நகல் உருவாகும், 'மெமரிவியூ'வைத் துண்டு போட்டால் உருவாகாது. இது நல்லதுதான், ஆனால் ஒரு விலை உண்டு. நம் பக்கத்துப் பெரிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். முப்பது பங்காளிகள் இருப்பார்கள். இருபத்தொன்பது பேர் வெளியூர் போய்விட்டாலும், ஒரே ஒருவர் ஓர் அறைச் சாவியை வைத்திருக்கும் வரை வீட்டில் யாரும் கை வைக்க முடியாது. 113 எம்பி கோப்பின் மேல் 20 பைட் துண்டு ஒன்றை எடுத்து ஒரு பட்டியலில் போட்டுவிட்டால், அந்த 20 பைட் இருக்கும் வரை 113 எம்பியும் மெமரியில் நிற்கும். சிறு துண்டை நெடுநாள் வைத்திருக்கப் போகிறீர்கள் என்றால் அதை மட்டும் 'பைட்ஸ்' ஆக நகல் எடுத்துவிட்டுச் சன்னலை மூடிவிடுங்கள். 'பைட்அர்ரே' மேல் சன்னல் திறந்திருக்கும்போது அதை நீட்ட முயன்றால் 'பஃபர்எர்ரர்' வருவதும் இதே காரணத்தால்தான்.

நான்காவது 'எம்மேப்': கோப்பையே மெமரி போலக் காட்டுவது. இதை '&[யு8]' ஏற்காது, பைஓ3யின் 'பைபஃபர்' வழியாக வர வேண்டும். அப்படித் திறந்திருக்கும்போது வேறொரு நிரல் கோப்பைச் சுருக்கிவிட்டால் லினக்ஸில் உங்கள் நிரல் பட்டென்று செத்துவிடும், பைதான் பிழையாகக்கூட வராது. கருவி எழுதிக்கொண்டிருக்கும் கோப்பில் இதைச் செய்யாதீர்கள். மெமரி கார்டிலிருந்து நகல் எடுத்து, அந்த நகலைத் திறங்கள். எங்களுக்குக் கருவிக்கு ஒரு கோப்பு, ஒவ்வொன்றும் 113 எம்பி. அதற்கு 'எம்மேப்' தேவையே இல்லை, முழுதாகப் படித்து 'பைட்ஸ்' ஆகக் கொடுத்துவிட்டேன்.

6. பதிவைப் படிக்கும்போது

ஓர் இரவு பன்னிரண்டு கோப்புகளையும் வரிசையாக ஓடவிட்டுவிட்டுப் படுத்தேன். ஒவ்வொரு கோப்பையும் 'டிரை' போட்டுச் சுற்றியிருந்தேன், ஒன்று கெட்டாலும் அடுத்ததுக்குப் போகும் என்று. காலையில் பார்த்தால் மூன்றாவது கோப்பிலேயே எல்லாம் நின்றிருந்தது.

அந்தக் கோப்பின் அளவை 36ஆல் வகுத்தால் 17 மிஞ்சியது. கடைசிப் பதிவு பாதியில் அறுந்தது. என் ரஸ்ட் நிரல் இல்லாத பைட்டைத் தொட்டது, ரஸ்ட் 'பேனிக்' ஆனது, அதாவது தொடர முடியாமல் வேலையைப் பாதியில் கைவிட்டது. பைஓ3 அதைப் பிடித்து 'பேனிக்எக்ஸெப்ஷன்' என்று பைதானுக்குக் கொடுக்கிறது. ஆனால் அது சாதாரண 'எக்ஸெப்ஷன்' வகையைச் சேர்ந்ததல்ல, அதற்கும் மேலே உள்ள 'பேஸ்எக்ஸெப்ஷன்' வகை. 'எக்ஸெப்ட் எக்ஸெப்ஷன்' என்று எழுதினால் அது அகப்படாது.

மேல் வகையைப் பிடிக்கும்படி பைதானை மாற்றுவது இதற்குத் தீர்வல்ல. பேனிக்கே வராமல் எழுத வேண்டும். அடைப்புக்குறிக்குள் எண் போட்டுத் துண்டு எடுக்கும் இடங்களையெல்லாம் 'கெட்' என்று மாற்றுங்கள். இடம் இருந்தால் தரும், இல்லையென்றால் 'நன்' என்று சொல்லும். அதைப் பைதானின் 'வேல்யூஎர்ரர்' ஆக மாற்றித் திருப்பி அனுப்பலாம். கோப்பிலேயே 'அடுத்து வருவது இத்தனை பைட்' என்று நீளம் எழுதியிருக்கும் வடிவங்களில் இன்னும் கவனம் வேண்டும். கெட்டுப்போன 4 பைட் நீளம் 400 கோடியைத் தாண்டிய எண்ணாகக்கூட இருக்கலாம். அதை நம்பி முன்கூட்டியே மெமரி ஒதுக்காதீர்கள், மிச்சம் எத்தனை பைட் இருக்கிறது என்று முதலில் ஒப்பிடுங்கள். கூட்டலுக்கு 'செக்ட்_ஆட்' பயன்படுத்துங்கள். சாதாரணக் கூட்டல் பிழை தேடும் கட்டில் பேனிக் ஆகும், ரிலீஸ் கட்டில் சத்தமில்லாமல் சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

என் சுழற்சி இப்படி அமைந்தது. மிச்சம் 36 பைட்டுக்குக் குறைவென்றால் நிறுத்து. நிற்கும் இடத்தில் 165 இல்லையென்றால் ஒரு பைட் நகர். இருந்தால் முதல் 32 பைட்டுக்குச் சரிபார்ப்புத் தொகை கணக்கிடு, கடைசி 4 பைட்டோடு ஒத்தால் பதிவை ஏற்று 36 நகர், ஒக்காவிட்டால் ஒரு பைட் மட்டும் நகர். வெப்பத்துக்குள்ளும் நேரத்துக்குள்ளும்கூட 165 வரும் என்பதால் அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது. தாண்டிப்போன பைட்டுகளை எண்ணி, விடையோடு சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். எவ்வளவு இழந்தோம் என்று தெரியாமல் எழுதும் சராசரி நேர்மையானதல்ல.

எங்கள் சரிபார்ப்புத் தொகை சிஆர்சி-32 முறை. இந்தப் பெயரில் பல வகைகள் உண்டு. ரஸ்ட்டில் எழுதுமுன் ஒரே ஒரு பதிவை எடுத்து, பைதானோடு வரும் 'ஸீலிப்' நூலகத்தின் சிஆர்சி-32 தரும் எண்ணோடு ஒத்துப்பாருங்கள். ஒத்தால் 'சிஆர்சி32ஃபாஸ்ட்' என்ற கிரேட்டை (ரஸ்ட் நூலகப் பொதியை) அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

7. தமிழ்ப் பெயர்கள்

ஆங்கில எடுத்துக்காட்டுகளில் இது வராது என்பதால் விரித்துச் சொல்கிறேன். வீட்டுக்காரர்களுக்குப் புரியும் பெயர்களாக இருக்கட்டும் என்று முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்றே கருவிகளில் தமிழில் எழுதினோம். 20 பைட் தாராளம் என்று நினைத்தோம்.

எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். 'முகப்பு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து: மு, க, ப், பு. குறியீடாக ஏழு: ம, உகரக் குறி, க, ப, புள்ளி, ப, உகரக் குறி. ஏழு மூன்று இருபத்தொன்று. பெட்டியில் இடம் 20. கடைசி உகரக் குறியின் மூன்று பைட்டுகள் 224, 175, 129. அதில் 129 வெட்டுப்பட்டு, 224, 175 மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ரஸ்ட் இதைச் சரியான எழுத்துச் சரம் அல்ல என்று தள்ளியது, முகப்பில் மாட்டிய கருவியின் அத்தனை பதிவுகளும் பிழையாக வந்தன. 'வளவு' வெறும் 12 பைட் என்பதால் தப்பித்தது. சோதனைக்கு நான் எடுத்துக்கொண்டது வளவுக் கோப்பு, அதனால்தான் நெடுநாள் இது கண்ணில் படவில்லை.

ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்பை மீட்க: பின்னால் உள்ள பூஜ்யங்களை நீக்கிவிட்டு 'ஃப்ரம்_யுடிஎஃப்8' கொடுங்கள். பிழை வந்தால் அந்தப் பிழையிடமே 'வேலிட்_அப்_டு' என்று கேட்டால் எதுவரை சரி என்று சொல்லும், இங்கே 18. அதுவரை எடுத்தால் 'முகப்ப' என்று கிடைக்கும். அதை ஓர் அட்டவணை வைத்து 'முகப்பு' என்று திருத்திக்கொள்ளலாம். 'லாஸி' என்று முடியும் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் உடைந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும், தேடும்போது பெயர் ஒத்துப்போகாது. பெயரைப் பூஜ்யம் வரும் வரை படி என்றும் எழுதாதீர்கள். பெட்டி நிரம்பிவிட்டால் பூஜ்யமே இருக்காது, அடுத்த விவரத்துக்குள் போய்விடுவீர்கள்.

புதிதாக வடிவமைப்பவர்களுக்கு என் கருத்து: பதிவுக்குள் பெயரே வேண்டாம். 1 பைட் எண் போதும், பெயர்ப் பட்டியலைத் தனிக் கோப்பில் வையுங்கள். 'இரண்டாங்கட்டு' மட்டுமே 39 பைட்.

8. வெளியே போகும் பைட்டுகள்

என் மடிக்கணினியில் 8 ஜிபி மெமரி. நல்ல பதிவுகளை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரே நீளமான 'வெக்<யு8>' ஆகப் பைதானுக்குத் திருப்பும் ஃபங்ஷன் எழுதினேன். ஒரு கோப்புக்கு ஓடியது. பன்னிரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது மவுஸ்கூட நகரவில்லை, பொத்தானை அழுத்தி அணைக்க வேண்டியதாயிற்று.

பைஓ3யின் 0.23க்கு முந்தைய பதிப்புகளில், 'வெக்<யு8>' திருப்பினால் பைதானுக்குக் கிடைப்பது 'பைட்ஸ்' அல்ல, எண்களின் பட்டியல். பட்டியலில் ஒவ்வோர் இடத்துக்கும் 8 பைட். 1.36 ஜிபி அப்படியே 10.9 ஜிபி ஆகிவிட்டது. நான் பழைய எடுத்துக்காட்டிலிருந்து பதிப்பு எண்ணையும் சேர்த்து ஒட்டியிருந்தேன். 0.23இல் கொண்டுவந்த புதிய மாற்றுமுறையில் அது 'பைட்ஸ்' ஆகவே வருகிறது. ஆனாலும் பதிப்பை நம்பியிராமல், 'பைபைட்ஸ்' என்று வெளிப்படையாக எழுதுங்கள். முதல் ஓட்டத்திலேயே பைதானில் 'டைப்' கேட்டுச் சரிபாருங்கள், ஒரு நிமிட வேலை.

'பைபைட்ஸ்::நியூ' ஒரு முறை நகல் எடுக்கும். நீளம் முன்பே தெரிந்தால் 'பைபைட்ஸ்::நியூ_வித்' கொடுத்து, பைதானின் மெமரியிலேயே நேராக எழுதலாம், அந்த நகலும் மிச்சம். எங்களுக்கு நல்ல பதிவு எத்தனை என்று படித்து முடித்தால்தான் தெரியும், அதனால் ஒரு நகலை ஏற்றுக்கொண்டேன். ஒரே ஒரு நகல் குற்றமில்லை. சுழற்சிக்குள் பதிவுக்குப் பதிவு எடுக்கும் நகல்தான் கொல்லும்.

அதேபோல ஒவ்வொரு பதிவையும் ஒரு பைதான் பொருளாக்கித் திருப்பாதீர்கள். வழக்கமான 64 பிட் பைதானில் ஒரு தசம எண் 24 பைட், அதைச் சுட்டும் பட்டியலிடம் 8, ஆக 32. ஓராண்டு வெப்பத்துக்கு மட்டும் 1.2 ஜிபி. அதே வெப்பத்தை 2 பைட் எண்களின் தொடராக ஒரே 'பைட்ஸ்'இல் திருப்பினால் 76 எம்பி. பைதான் பக்கம் 'மெமரிவியூ'வின் 'காஸ்ட்' அல்லது நம்பையின் 'ஃப்ரம்பஃபர்' அதை எண்களாகக் காட்டிவிடும். நேரத்துக்கு ஒரு தொடர், வெப்பத்துக்கு ஒன்று, ஈரத்துக்கு ஒன்று, இட எண்ணுக்கு ஒன்று, கூடவே தாண்டிய பைட்டுகளின் எண்ணிக்கை. என் ஃபங்ஷன் இப்போது திருப்புவது இவ்வளவுதான்.

9. பைதானின் பூட்டைத் திறந்துவிடுங்கள்

வழக்கமான பைதானில் ஒரு நேரத்தில் ஒரு திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் வேலை) மட்டுமே ஓடும்படி ஒரு பூட்டு உண்டு. ரஸ்ட் ஓடும்போது அந்தப் பூட்டு உங்கள் கையில் இருக்கும், மற்ற திரெட்கள் காத்திருக்கும். பெரிய வேலையை 'டிடாச்' என்பதற்குள் வையுங்கள் (0.26க்கு முன் இதன் பெயர் 'அலவ்_திரெட்ஸ்'). உள்ளே பைதான் பொருள்களைத் தொட முடியாது, 'பைட்ஸ்'இலிருந்து வந்த '&[யு8]' இரவலைத் தொடலாம். இதைச் செய்தபின் நான்கு கோப்புகளை நான்கு திரெட்டில் ஒரே நேரத்தில் ஓடவிட முடிந்தது.

10. சோதனை

படிக்கும் பகுதியைப் பைஓ3 கலக்காத தனி ரஸ்ட் கிரேட்டாக வையுங்கள். வாசல் மட்டும் இன்னொரு கிரேட். ஒன்றாக வைத்தால் 'கார்கோ டெஸ்ட்' பைதான் சின்னங்களைக் காணோம் என்று இணைக்கும் கட்டத்திலேயே தடுக்கி விழக்கூடும்.

எனக்கு மிகவும் உதவிய சோதனை ஒன்று. இரண்டு நல்ல பதிவுகளை ஒட்டினால் 72 பைட். அதன் முதல் 0 பைட், முதல் 1 பைட், முதல் 2 பைட் என்று 72 வரை எல்லா நீளத்திலும் வெட்டிக் கொடுத்து ஓடவிடுங்கள். எதிலும் பேனிக் வரக் கூடாது. 36க்குக் கீழே பூஜ்யம் பதிவு, 71 வரை ஒன்று, 72இல் இரண்டு என்று விடை வர வேண்டும். பிறகு நடுவில் ஒரு பைட்டை மாற்றிப் பாருங்கள். எழுத அரை மணி நேரம்தான் ஆகும். என் ஓர் இரவை விழுங்கிய பிழையை இது ஒரு நொடியில் காட்டியிருக்கும்.

11. வேறு கணினிக்குக் கொண்டுபோவது

உங்கள் கணினியில் கட்டியது அடுத்தவர் கணினியில் ஓடும் என்று நினைக்காதீர்கள். லினக்ஸில் கட்டியது விண்டோஸில் ஓடாது. புதிய லினக்ஸில் கட்டியது பழைய லினக்ஸிலும் ஓடாமல் போகலாம், அடிப்படை சி நூலகத்தின் பதிப்பு வேறுபடும். இதற்கென உள்ள 'மெனிலினக்ஸ்' கொள்கலனுக்குள் கட்டுங்கள், அல்லது மேச்சுரினுக்கு '--ஸிக்' கொடுத்துக் கட்டுங்கள்.

பைதான் பதிப்புக்கு ஒன்றாகக் கட்டாமல் இருக்க 'ஏபிஐ3' என்ற தெரிவு உண்டு. 3.9 என்று குறித்தால் 3.9 முதல் மேலே உள்ள வழக்கமான பைதான்களுக்கு ஒரே கோப்பு. 5ஆம் படியில் சொன்ன 'பைபஃபர்' உங்களுக்கு வேண்டுமானால் 3.11க்குக் கீழே குறிக்க முடியாது, அதற்கு முன் அந்த வசதி நிலையான இடைமுகத்தில் சேரவில்லை. வெறும் 'பைட்ஸ்' போதும் என்று நான் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

விண்டோஸ் கணினி கையில் இல்லையென்றால் 'மேச்சுரின் ஜெனரேட்-சிஐ கிட்ஹப்' என்று தட்டுங்கள். லினக்ஸ், விண்டோஸ், மேக் மூன்றுக்கும் கிட்ஹப்பிலேயே கட்டிக்கொள்ளும் அமைப்புக் கோப்பு ஒன்றை எழுதித் தரும். எல்லோரும் பார்க்கக்கூடிய திட்டமாக வைத்தால் அதற்குக் கட்டணம் இல்லை. வீட்டின் அளவுக் கோப்புகளை மட்டும் அங்கே ஏற்றாதீர்கள், அவை வீட்டுக்காரர்களுடையவை. சோதனைக்கு நீங்களே உருவாக்கிய 72 பைட் போதும்.

கட்டி வந்ததை ரஸ்ட்டே இல்லாத ஒரு கணினியில், புதிய பைதான் சூழலில் பிப் மூலம் நிறுவி, 31.50 டிகிரிப் பதிவைப் படித்துப் பாருங்கள். சரியான எண் வந்தபின் ஆச்சிக்கான தாளை அச்சிடுங்கள்.